எப்போது வருவாய் என்று கேட்காத கரை

இன்று காலை கோட்டாறில் நம் அலுவலகப் படிக்கட்டின் முன்னால் ஒரு மீன் வண்டி நின்றிருந்தது. பின்கதவின் இடுக்கில் ஐஸ் தண்ணீர் சொட்டி, கீழே துணிக்கடைக்காரர் அப்போதுதான் கழுவிவிட்டிருந்த தரையில் கோடு போட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஓட்டுநரை ஏசிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் யாருக்கோ வந்த விருந்து என்பதுபோல டீ குடித்துக்கொண்டிருந்தார். உமியும் உப்பும் மீனும் கலந்த அந்தக் குளிர்ந்த வாடை மூக்கில் ஏறியதும், படியில் வைத்த காலை எடுத்துவிட்டேன். உன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் எந்நேரமும் இருந்த வாடை அது. உன் அம்மை கொடுத்துவிடும் மீனை ஐஸில் பொதிந்து அதற்குள் வைத்துத்தான் நீ வேலைக்கு வருவாய். லேப்டாப் பைகூட அதே வாடை அடிக்கும். அன்றெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு உன்னைத் திட்டியவள் நான். இன்று இரண்டு நிமிடம் நின்று மோந்துவிட்டு மேலே போனேன்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். இன்று பத்து மணிக்கு, நீ எழுதிய ஐஸ் சர்வீஸை நிறுத்திவிட்டோம்.

நீ எழுதி, உன் கை பட்டபடியே ஓடிக்கொண்டிருந்த கடைசி நிரல் அது. ஆறு வருடமாக ஒரு நாளும் படுக்கவில்லை. நீ போன பிறகும் மூன்று வருடம் ஓடியது. இதை உன்னிடம் சொல்வதில் எனக்குச் சங்கடம் ஒன்றுமில்லை. "இம்புட்டு நாளா அதத் தூக்காம வச்சிருந்தியா?" என்று நீ சிரித்திருப்பாய். அம்மையிடம் சொல்ல வேண்டுமே, அதுதான் மூன்று வாரமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. இராஜாக்கமங்கலம் போகும்போதெல்லாம் அம்மை முதலில் கேட்பது, "அவ எழுதுனது ஓடுதாட்டி?" என்றுதான். "ஓடுது அம்மை" என்பேன். அதற்கப்புறம்தான் மற்ற பேச்செல்லாம். நீ இருந்தபோது உன் வேலை என்ன என்று கடைசிவரை அவளுக்கு விளங்கவில்லை. நீ போன பிறகு, உன்னுடையது ஏதோ ஒன்று இன்னும் ஓடுகிறது என்பது மட்டும் அவளுக்கு விளங்கியது. அதை நிறுத்திவிட்டேன் என்று எந்த வாயால் போய்ச் சொல்வது?

நிறுத்தச் சொன்னது ரஹீமா. நீ அவளைப் பார்த்ததில்லை. கோட்டாறுப் பெண், நம்மிடம் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. பேச்சு குறைவு, வேலை சுத்தம். நான் கத்தினால் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அந்த ஒரு குணத்தில் உன் மாதிரி.

"அக்கா, இந்த ஐஸ் சர்வீஸ் ஓடுற வெர்ஷன் ரொம்பப் பழசு. புது சர்வர்ல ஏறாது. பழைய சர்வர மாசக் கடைசில நிறுத்திருவாங்க. நான் புதுசா எழுதிரட்டா?" என்று கேட்டாள்.

"அதைத் தொடாதே" என்றேன். எரிச்சலில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் தன் நாற்காலிக்குப் போனாள். மறுநாள் அதே கேள்வியோடு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அவள் சொன்னதுதான் சரி என்று முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முரண்டு பிடிப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது என்னிடம் எப்போதும் உண்டு என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

நாம் இந்தத் தொழிலில் இறங்கியதே உன் வாயால்தான். திருவனந்தபுரத்தில் ஆளுக்கொரு கம்பெனியில் இருந்துகொண்டு, திங்கட்கிழமை காலை ரயிலில் தூங்கி வழிந்துகொண்டு போன காலம். உங்கள் ஊர்க் கமிட்டி உன்னைக் கூப்பிட்டுக் கேட்டது: எந்த வள்ளம் கடலில் இருக்கிறது, எது கரைக்கு வந்துவிட்டது என்று தெரிய ஒரு வழி செய்ய முடியுமா? காற்று மாறுகிறது என்று எச்சரிக்கை வரும்போது, யார் இன்னும் வரவில்லை என்பதே ஊருக்குத் தெரிவதில்லை. வீடு வீடாகப் போய் விசாரித்து முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. ஒரு வள்ளம் வரத் தாமதமானால் தேடிப் போவதா, பொறுப்பதா என்று முடிவு செய்யவே அரைநாள் ஆகிறது. "நம்ம ரெண்டு பேரும் செய்வோம் மக்கா" என்றாய். உன் அண்ணன் சகாயமும் அந்தக் கடலில்தான் இருந்தார். நீ அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோட்டாறில் இரண்டு அறை எடுத்தோம். நான் கல்லூரியில் ஜாவா படித்த திமிரில் சர்வருக்கு அதுதான் என்றேன். நீ ஜாவாஸ்கிரிப்டை விட்டு நகர மாட்டேன் என்றாய். "பிரவுசர்ல ஓடுறதும் அது, சர்வர்ல ஓடுறதும் அது. கரையிலயும் கடல்லயும் ஒரே பாஷை பேசுனா ஒனக்கு என்ன நோவு?" என்று கேட்டாய். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு நீ ஜெயித்தாய். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நிரலாகத்தான் எழுத வேண்டும் என்பதில் நான் ஜெயித்தேன். எங்கள் சபையில் ஆராதனை எட்டரைக்கு என்றால் எட்டரைக்கு மணி அடிக்கும். பாட்டுப் புத்தகங்கள் நம்பர் வரிசையில் இருக்கும். எனக்கு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும். வள்ளங்களின் பட்டியல், காற்று எச்சரிக்கை, கரையில் நடக்கும் மீன் ஏலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி எழுப்பினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காலையில் ஏலம் தொடங்கியதும் நூறு பேர் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். எல்லாம் அப்படியே திகைத்து நின்றுவிடும். ஏலம் மட்டும் நின்றால் பரவாயில்லை, காற்று எச்சரிக்கையும் கூடவே நின்றுவிடும். மூன்றாவது முறை நின்றபோது நீ என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"ஏட்டி, ஒங்க வீட்டுல பாத்ரூம்ல ஆள் இருந்தா, வீட்டையே பூட்டிட்டு எல்லாரும் ரோட்டுல நிப்பியளா?"

"நிக்க மாட்டோம்."

"இங்க நீ அதத்தான் செஞ்சு வச்சிருக்க."

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. உலகம் அதற்கு மைக்ரோ சர்வீஸ் என்று பேர் வைத்திருந்தது. பெரிய நிரலை உடைத்து, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகச் சின்ன நிரல். தனக்கென்று தனி இடம், தனி நினைவு. ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். நாமும் உடைத்தோம். ஏலம், காற்று, கரை என்று மூன்று. கரை என்பதுதான் முக்கியம்: யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று அறிந்து வைத்திருப்பது அதன் வேலை. தனித்தனி அடுப்பு என்றால் தனித்தனிப் புகைதான் என்று நான் முனகிக்கொண்டே செய்தேன்.

அந்தக் கரைக்கு ஒரு படிவம் எழுதினோமே, நினைவிருக்கிறதா? கடலுக்குப் போகுமுன் போனில் நிரப்ப வேண்டும். வள்ளத்தின் பேர், ஆட்களின் பேர், அப்புறம் இரண்டு கேள்வி: எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் மேலே போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பெரிய திரையில் காட்டினோம். வள்ளத்தின் படம் வந்தபோது கை தட்டினார்கள். அடுத்து அந்தக் கேள்விகள் வந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கமிட்டித் தலைவர் எழுந்து, "நல்லாத்தான் இருக்கு மக்களே, பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். அது எனக்கே தெரியும்.

இரண்டு வாரம் ஒருவரும் அந்தப் படிவத்தைத் தொடவில்லை. ஏலத்தைத் தினமும் பயன்படுத்தினார்கள். காற்று எச்சரிக்கையை வாட்ஸாப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். படிவம் மட்டும் சுத்தமாக வெறுமையாகக் கிடந்தது. அவர்களுக்குப் போனில் நிரப்பத் தெரியவில்லை என்று நான் முடிவு கட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், பொத்தானைப் பச்சையாக்கினேன், குரலில் சொன்னால் நிரப்பிக்கொள்ளும்படி செய்தேன். என் புத்தியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகிறார்கள், நான் பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உன் வீட்டுக்குப் போனோம். அம்மை அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் என் குறையைக் கொட்டினேன். அம்மை போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அந்தக் கேள்வியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்ததும் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"கடல்ல எறங்கப் போறவன்ட்ட எப்ப வருவேன்னு எவளாவது கேப்பாளாட்டி? முப்பது வருசத்துல நான் இவுங்கப்பாட்ட ஒருநாள் கேட்டதில்ல. வெளங்குமா அது?"

நான் உன்னைப் பார்த்தேன். நான் நாகர்கோவில்காரி, சகுனம் பார்க்காத வீட்டில் வளர்ந்தவள், எனக்குத் தெரியாமல் போகலாம். நீ அந்தக் கரையில் பிறந்தவள். அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்ததே நீதான். சிவப்பு நட்சத்திரம் வைத்ததும் நீதான். உன் முகம் செத்துப்போயிருந்தது.

"சகாயண்ணன்ட்ட இதுவரைக்கும் ஒருநாள்கூட நான் கேட்டதில்ல மக்கா" என்றாய். "கம்ப்யூட்டர் முன்னால உக்காந்ததும் செருப்பக் கழட்டிப் போடுத மாதிரி ஊரக் கழட்டிப் போட்டிருக்கேன்."

"அப்போ அண்ணன் எப்ப வருவாவன்னு உங்களுக்கு எப்பிடி அம்மை தெரியும்?" என்று நான் கேட்டேன்.

அம்மை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆனா ஆவன்னா தெரியாமல் போனால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"ஐஸப் பாத்தா தெரியாதா? ரெண்டு ஐஸ் பார் ஏத்துனா மறுநாள் காலம்பற வந்துருவான். நாலு பார்னா அதுக்கும் மறுநாள். எட்டு ஏத்துனா அந்த வாரம் ஆளத் தேடாண்டாம். அதப் பாத்துத்தான் நான் ஒலையில அரிசி போடுவேன். இதெல்லாம் கேக்கவா செய்வாவ?" அப்புறம் என் தலைக்கு நேரே சுவரில் இருந்த ஆணியைக் காட்டினாள். "நீயும் அப்பிடித்தான். ஹெல்மெட்டக் கையிலயே வச்சிருந்தியன்னா கட்டஞ்சாயா. ஆணில மாட்டுனியன்னா சோறு. ஒருநாளாவது ஒன்ட்ட கேட்டுருக்கேனா?"

கேட்டதில்லைதான். இத்தனை நாள் அந்த வீட்டில் எனக்கு மட்டும் சரியாகச் சோறு மிஞ்சாமலும் குறையாமலும் இருந்தது எப்படி என்று நான் யோசித்ததே இல்லை.

திரும்பி வரும் வழியில் நீ ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாய். நான் பின்னால் இருந்தேன். தென்னந்தோப்புக்கு நடுவில், வெயிலில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினாய். "நம்ம சர்வீஸுக எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கேட்டுக்கிட்டே கெடக்கு. ஒண்ணு பதில் சொல்லுற வரைக்கும் இன்னொண்ணு வாயப் பொளந்து நிக்கி. அதான் ஒடச்ச பெறவும் சேந்தே விழுகு. யாருட்டயும் கேக்காண்டாம். நடந்தத நடந்த எடத்துல இருந்து சொன்னாப் போதும். வேணுங்கவன் காது குடுப்பான்."

அப்படிப் பிறந்ததுதான் ஐஸ் சர்வீஸ். கடற்கரையில் ஐஸ் கம்பெனி வைத்திருந்த அருளப்பண்ணனின் போனில் இரண்டே பொத்தான். வள்ளம் ஐஸ் ஏற்றும்போது, எத்தனை பார் என்று ஒன்று. திரும்பி வந்ததும் எல்லாரும் ஐஸ் பெட்டியைக் கழுவ அவருடைய குழாய்க்குத்தான் வருவார்கள், அப்போது இன்னொன்று. கடலுக்குப் போகிறவனிடம் ஒரு கேள்வியும் கிடையாது. இந்த வள்ளம் இத்தனை பார் ஏற்றியது என்று ஐஸ் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். யார் கேட்டார்கள், கேட்கவில்லை என்பது அதற்குத் தெரியாது. கரை அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு, அம்மை சொன்ன கணக்குப்படி நாள் பார்க்கும். நாள் தாண்டி அரைநாள் பொறுக்கும். அப்புறமும் பெட்டி கழுவப்படவில்லை என்றால் கமிட்டிக்கும் நமக்கும் ஒரு செய்தி அனுப்பும். மொத்தமும் இருநூறு வரிக்குள் எழுதிவிட்டாய். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அதற்குள் வந்துவிட்டது. வந்தது ஊருக்கே தெரியாது.

இன்னொன்றும் எழுதினாய். நம் எல்லா சர்வீஸையும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு காவல் நிரல் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எல்லாரும் அதற்கு ஓகே என்றுதான் பதில் வைப்பார்கள். உன் ஐஸ் மட்டும் ‘இருக்கேன்’ என்று சொன்னது. அதைப் பார்த்துவிட்டு நான் உன்னை மடக்கினேன். "கேக்கப்பிடாது, கேக்கப்பிடாதுன்னு சொன்ன. இது மட்டும் கேள்வி இல்லியா?"

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எப்ப வருவன்னுதான் மக்கா கேக்கப்பிடாது. இருக்கியான்னு கேக்கலாம்" என்றாய்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஏலத்தில் ஒரு சின்ன மாற்றம்தானே என்று, சோதித்துக்கூடப் பார்க்காமல் நான் ஏற்றினேன். ஏலம் படுத்துவிட்டது. முகமெல்லாம் வியர்த்து நான் எழுப்பப் பார்க்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து சாளைக் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே, எந்த வரி, எந்த வரி என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். அப்போது உன் போனில் கரையிலிருந்து ஒரு செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை நாலு பார் ஏற்றிய வள்ளம் ஒன்று வியாழன் மதியம் வரை வரவில்லை. சகாயண்ணனின் வள்ளம்.

நீ கத்தவில்லை. பிசைந்த சோற்றை மூடி வைத்தாய். கையைக் கழுவினாய். கமிட்டித் தலைவருக்குப் போன் செய்து, "அண்ணனுக்க வள்ளம் நாலு பார்தான் ஏத்திருக்கு. இன்னும் வரல்ல" என்றாய். அவர் ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. நாலு பார் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். "நீவாடு மேக்க இழுக்கு. அங்ஙன ரெண்டு வள்ளத்த விடுதேன்" என்றார். கடலின் நீரோட்டம் போகும் பக்கம்தான் எஞ்சின் செத்த வள்ளமும் போகும். மணவாளக்குறிச்சிக்கு நேரே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், நாலு பேரும் துண்டை வீசிக்கொண்டு நின்றார்களாம். வெளிச்சம் இருக்கும்போதே கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஏலம் அப்போதும் படுத்துத்தான் கிடந்தது. என் பழைய வீட்டில், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருந்தால், அந்தச் செய்தி வந்திருக்காது. என் தவறோடு சேர்ந்து அதுவும் படுத்திருக்கும். நான் அதை உன்னிடம் சொல்லி அழுதேன். "ஒடைக்கச் சொன்னது நான்லா. பெறவு ஒனக்கு என்னத்துக்கு வெப்ராளம்?" என்றாய். ஒரு பேச்சுக்காவது என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு நாள் கழித்து சகாயண்ணன் ஒரு பெரிய விளமீனோடு படியேறி வந்தார். "எவம்லா தேடச் சொன்னது? நான் பைய வந்திருப்பேன்லா" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, மீனை என் மேஜையில், கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். கீபோர்டு போனது போனதுதான். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

உனக்கு உடம்புக்கு வந்தபோது, நானும் அந்தக் கரைக்காரி ஆகியிருந்தேன். சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகும் ஒவ்வொரு முறையும் கார்வரை வருவேன். "போயிட்டு வாறேன்" என்பாய். "சரி" என்பேன். எப்போது வருவாய் என்று என் நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். அதற்குப் பதிலாக உன் பையைப் பார்ப்பேன். எத்தனை நைட்டி, எத்தனை துண்டு, சார்ஜர் வைத்திருக்கிறாயா என்று. ஒருமுறை நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய்.

"என்னட்டி, ஐஸ் எண்ணுதியா?" என்று சிரித்தாய். உன் அண்ணனும் சிரித்தார். காரில் சாய்ந்துகொண்டு நானும் சிரித்தேன்.

அங்கே நீ இருந்த நாளெல்லாம் காலை ஏழு மணிக்கு நான் ஒரே ஒரு செய்தி அனுப்புவேன்: இருக்கியா. இருக்கேன் என்று பதில் வரும். சில நாள் உடனே வரும், சில நாள் மதியம் வரும். வேறொன்றும் எழுத மாட்டோம். கடைசி முறை நீ கொண்டுபோனது ரொம்பச் சின்னப் பை. இரண்டு நைட்டி, ஒரு துண்டு. இரண்டு பார்தான், நாளைக்கே வந்துவிடுவாய் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அம்மை அப்படி நினைக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. பையின் கனத்தை அவள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தாள்.

போகட்டும். இன்றைய கதைக்கு வருகிறேன். போன வாரம் ரஹீமாவிடம், "எழுது" என்றேன். ஏன் மனம் மாறினேன் என்று அவள் கேட்கவில்லை. பழைய சர்வரை நிறுத்த ஆறு நாள்தான் இருந்தது. முரண்டு பிடிக்கவும் நேரம் இல்லை. உன் சொல்லும் ஒன்று நினைவுக்கு வந்தது: "ஒண்ண எடுத்துட்டு வேற ஒண்ண வச்சா மத்ததுக்குத் தெரியவே பிடாது. தெரிஞ்சா நீ சரியா ஒடைக்கல்லன்னு அர்த்தம்." அவள் எழுதியதை உன்னுடையதற்குப் பக்கத்திலேயே வைத்து ஐந்து நாள் ஓட்டினோம். அருளப்பண்ணன் அமுக்கியது இரண்டுக்கும் போனது. இரண்டும் ஒன்றையே சொன்னன. இன்று பத்து மணிக்கு உன்னுடையதை நிறுத்தினேன். பொத்தானை நான்தான் அமுக்கினேன், அவளை அமுக்கவிடவில்லை. கரைக்குத் தெரியவில்லை. காற்றுக்குத் தெரியவில்லை. ஏலம் பாட்டுக்கு நடந்தது. நீ சரியாகத்தான் உடைத்திருக்கிறாய். ஆனால் மத்ததுக்குத் தெரியாது என்பது சர்வீஸுக்கு மட்டும்தான் மக்கா. எனக்குத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது காவல் நிரலின் திரையில், ஐஸ் என்ற பேருக்கு நேரே, புதிய நிரலின் முதல் பதில் வந்திருந்தது. இருக்கேன்.

"ஓகேன்னு மாத்தலாம்னு பாத்தேன் அக்கா" என்றாள் ரஹீமா. "பெறகு மனசு வரல, விட்டுட்டேன்." நான் அவளிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆறு வருடம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை அவள் ஐந்து நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். மூன்று வாரம் அவளிடம் எரிந்து விழுந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அக்கா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள்.

அப்படியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இராஜாக்கமங்கலத்துக்குப் போனேன். அம்மை அடுக்களையில் இருந்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றேன். சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்ற எண்ணம்தான்.

"அவ எழுதுனது ஓடுதாட்டி?"

"இல்ல அம்மை" என்றேன். "இன்னைக்கு நிறுத்திட்டேன். அது பழசாயிட்டு. வேற ஒரு பிள்ள அதையே புதுசா எழுதிருக்கா. உங்க மவ வச்ச ஒரே ஒரு வார்த்த மட்டும் அப்பிடியே இருக்கு."

அம்மை அடுப்பின் பக்கம் திரும்பினாள். அகப்பையால் உலையை ஒருமுறை கிண்டினாள். பின்பக்கத்துச் சுவரோரம் சகாயண்ணன் கழித்துப் போட்ட பழைய வலை குவிந்து கிடந்தது. அதிலிருந்து அறுத்தெடுத்த மிதப்புக் கட்டைகள் தனியாக ஒரு கூடையில் இருந்தன, புது வலைக்கு.

"வல இத்துப்போனாக் கழிக்கத்தான் செய்யணும்" என்றாள். "மிதப்ப எடுத்துப் புதுசுல கெட்டிட்டியல்லா?"

"கெட்டியாச்சு அம்மை."

"பெறவு என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்க?"

நான் உள்ளே போய் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினேன். அம்மை ஒன்றும் கேட்காமல் இன்னும் ஒரு பிடி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.